தோற்றுக்கொண்டே இருக்கும் ரக்பி கிளப்பில் இளம் வீரர் வளர்வாரா?

2024 மார்ச் 11, காலை (இந்த இணைய இழையை வாசகர் ஒருவர் தொடங்கியது)

வட இங்கிலாந்தின் ரக்பி கிளப் நியூகாஸில் ஃபால்கன்ஸ் இந்தப் பருவத்தில் இன்னும் ஒரு லீக் ஆட்டம்கூட வெல்லவில்லை. பயிற்சியாளர் குழுவைக் கலைத்துவிட்டு, பெயர்பெற்ற நான்கு பேரை வாங்கினால் ஒரே ஆண்டில் நிமிர்ந்துவிடும். அகாடமி, இளைஞர் வளர்ச்சி எல்லாம் வயிறு நிறைந்தவர்கள் பேசுகிற பேச்சு. மறுப்பவர் உண்டா?

2024 மார்ச் 11, இரவு (இங்கிருந்து எல்லாம் என் பதிவுகள்)

நான் மறுக்கிறேன். நான்கு பேரை வாங்கப் பணம் இருந்திருந்தால் கிளப் இந்த இடத்துக்கே வந்திருக்காது. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர்ஷிப்பில் ஒரு கிளப்பின் வீரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு 2023-24 பருவத்தில் 50 லட்சம் பவுண்டு. கொரோனாவுக்கு முன் 64 லட்சம். குறைத்துவைத்த வரம்பையே எட்டிப்பிடிக்க முடியாதவர்களிடம் போய் நட்சத்திரங்களை வாங்கு என்கிறீர்கள். அடுப்பு எரியாத வீட்டில் விருந்து கேட்கிற கதை. வட்டாரத்துப் பையன்களை எடுத்து வளர்ப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. பத்தொன்பது வயதுக்காரர்களை இறக்கிவிடுங்கள். எப்படியும் தோற்கத்தான் போகிறீர்கள். அவர்களை வைத்துத் தோற்றால் பாடமாவது மிஞ்சும்.

2024 மார்ச் 12

நேற்று எழுதியதன் கடைசி இரண்டு வரிகளைக் காலையில் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. என் மகனே அப்படி இறக்கிவிடப்பட்டவன்தான். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

2024 மார்ச் 14

கிடைத்துவிட்டது. நீளமாக இருக்கும்.

நான் 41 வயது வரை வட இங்கிலாந்தில் ஒரு சிறிய அமெச்சூர் கிளப்பின் மூன்றாம் அணியில் ஹூக்கர், அதாவது முன்வரிசை மூவரில் நடுவில் நிற்பவன். இப்போது அங்கேயே செவ்வாய், வியாழன் மாலைகளில் முன்வரிசைக்காரர்களுக்குக் கழுத்துப் பயிற்சியும் பிடிமானமும் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஸ்க்ரம் மட்டும்தான், அதாவது இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள் முட்டித் தள்ளுவது. பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பற்றி நான் சொல்வதை நம்பாதீர்கள்.

19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒரு ஸ்க்ரம்மை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. பாதுகாப்புக்கான விதி, நல்ல விதி. அந்த வயதைக் கடந்து பெரியவர்களின் ஆட்டத்துக்குப் போகும் நாளில் அந்த வேலி போய்விடுகிறது. எதிரே எட்டுப் பேர்; மொத்த எடை 900 கிலோவைத் தொடும். ஹூக்கரின் இரு பக்கமும் நிற்பவர்கள் ப்ராப்புகள். வலது பக்கம் நிற்கும் டைட்-ஹெட் ப்ராப்பின் தலை இரண்டு எதிரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது: ஒரு பக்கம் அவர்களின் இடது ப்ராப்பான லூஸ்-ஹெட், மறு பக்கம் ஹூக்கர். ஜிம்மில் எவ்வளவு எடை தூக்குவான் என்பது அங்கே பாதிக் கணக்கு. எதிரி தோளை எந்தக் கோணத்தில் நுழைக்கிறான், எந்த நொடியில் இடுப்பை வெளியே தள்ளுகிறான், நடுவரின் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் நூறு ஸ்க்ரம் தோற்றால்தான் உடம்பில் ஏறும். ஆகவே ப்ராப்புகள் தாமதமாகப் பழுப்பவர்கள். 27, 28 வயதில்தான் பலர் தங்கள் வேலையைப் புரிந்துகொள்கிறார்கள்.

என் மகன் டைட்-ஹெட். 18 வயதில் ஒரு தொழில்முறை கிளப்பின் அகாடமி ஒப்பந்தம் கிடைத்தது. பெயர் வேண்டாம், இந்த இழையின் கிளப் அல்ல. முதல் அணியில் அந்த இடத்துக்கு மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவருக்குத் தோள் போனது, ஒருவருக்குப் பின்தொடை. மூன்றாமவர் 29 வயது, நாட்டுக்கு ஆடாதவர், பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. சம்பளத்தை மிச்சப்படுத்துவதற்காக அவரைப் பருவத்தின் நடுவிலேயே வேறொரு கிளப்புக்கு விட்டிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து என் மகன் மாற்று வீரர்களின் இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

கடைசி இருபது நிமிடம் ஆடினான். அவன் பக்கம் மூன்று முறை ஸ்க்ரம் சரிந்தது, மூன்று தண்ட உதை. மூன்றாவதிலிருந்து எதிரணி லைன்அவுட்டுக்குப் (கோட்டோரத்திலிருந்து எறியும் பந்தை எம்பிப் பிடிப்பது) போய் ட்ரை போட்டது, அதாவது எங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றியது. பிழை அவனுடையதுதான், மறுக்கவில்லை. எனக்கு ஆறாதது அதற்குப் பிறகு நடந்தது. ஸ்க்ரம் பயிற்சியாளர் பதவி செலவுக் குறைப்பில் காலியாகக் கிடந்தது. லைன்அவுட் பார்க்கிறவரே அதையும் பார்த்தார், அவருக்கு அந்த வாரம் லைன்அவுட்டே தலைக்கு மேல் இருந்தது. அந்த மூன்று ஸ்க்ரம்மின் காணொளியை அவனோடு உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. வசந்தத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது, ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று. “யாராவது ஒருவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்” என்றான்.

ஆகவே மார்ச் 11 இரவில் நான் எழுதியதைத் திருத்துகிறேன். இறக்கிவிட்டால் பாடம் மிஞ்சாது. பாடம் சொல்ல ஆள் பக்கத்தில் இருந்தால்தான் மிஞ்சும்.

2024 மார்ச் 15

“விளையும் பயிர் முளையிலேயே தெரியும்” என்று ஒருவர் எனக்குப் பதில் போட்டிருக்கிறார். பந்தோடு ஓடுகிற விங்குக்குத் தெரியும், ஃபுல்பேக்குக்குத் தெரியும். முன்வரிசையில் முளையைப் பார்த்தால் களை போலத்தான் இருக்கும். 17 வயதில் நான் கழித்துக்கட்டிய இருவர் இன்று என்னைவிடப் பெரிய நிலையில் ஆடுகிறார்கள். ஒருவர் வருடம்தோறும் அதை எனக்கு நினைவூட்டுவார்.

“இளங்கன்று பயமறியாது” என்பதையும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். ஸ்க்ரம்மில் பயமறியாத கன்று கழுத்தை உடைத்துக்கொள்ளும்.

2024 மார்ச் 19

ஜானி வில்கின்சனைச் சொல்லி மடக்கியிருக்கிறீர்கள். 18 வயதில் இங்கிலாந்துக்கு ஆடினார், அதுவும் இதே நியூகாஸிலிலிருந்து. சரி, அந்தக் கதையை முழுதாகப் பார்ப்போம், ஏனென்றால் அதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது.

1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமானது. அதே ஆண்டு சர் ஜான் ஹால் இந்த கிளப்பை வாங்கி, ராப் ஆண்ட்ரூவைப் பொறுப்பில் வைத்தார். ஆண்ட்ரூ பையைத் திறந்து பெயர்பெற்ற வீரர்களை வாங்கினார்: டூயிகமாலா, பாட் லாம், கேரி ஆம்ஸ்ட்ராங், டாடி வீர். 1997-98இல் லீக் பட்டம். ஆம், பணம் போட்டு வாங்கிய பட்டம்தான், அது உங்கள் கட்சிக்குச் சான்று. வில்கின்சன் பள்ளி முடித்து நேரே வந்து சேர்ந்தது அந்தக் கூட்டத்தின் நடுவில். அவர் கற்க வேண்டிய, ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃப் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவரும் ஆண்ட்ரூதான், அணியை நடத்தியவரும் ஆண்ட்ரூதான். பயலுக்கு வகுப்பறையும் வாத்தியாரும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள்.

1998 ஜூனில் இங்கிலாந்து மூத்தவர்கள் பலர் இல்லாமல் ஆஸ்திரேலியா போனது. பிரிஸ்பேனில் 76-0 என்று தோற்றது. அன்று ஃப்ளை-ஹாஃப் வில்கின்சன், வயது 19. குருவி தலையில் பனங்காய் வைத்தது நாட்டு அணி. வீடு திரும்பியபோது அவருக்கு ஒழுங்கான கிளப் இருந்தது, காயம் ஆற இடம் இருந்தது. ஐந்து வருடம் கழித்து 2003 உலகக் கோப்பையை வென்ற டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு எழும்போது கம்பத்துக்கு உதைப்பது) அந்தக் காலிலிருந்துதான் போனது. 76-0இல் தோற்று, மறுவாரம் இன்னொரு 50-0க்குத் தயாராகும் கிளப்புக்கு அவர் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். என் மகனைக் கேளுங்கள்.

2024 மார்ச் 27

இன்று என் சொந்தக் கட்சிக்கே எதிராக எழுதப்போகிறேன்.

நல்ல அகாடமி ஒரு கிளப்பைக் காப்பாற்றும் என்று நான் பத்து வருடமாகச் சொல்லிவந்தேன். வூஸ்டர் வாரியர்ஸ் வளர்த்த பிள்ளைகளைப் பாருங்கள்: ஃபின் ஸ்மித், ஆலி லாரன்ஸ், டெட் ஹில். மூவரும் இங்கிலாந்து வீரர்கள். வூஸ்டர் 2022 செப்டம்பர் 26 அன்று கடன் கட்ட முடியாமல் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. அக்டோபர் 5 அன்று நீதிமன்றத்தில் வீரர்களின் ஒப்பந்தங்கள் ரத்தாகின. அதே மாதம் 17ஆம் தேதி வாஸ்ப்ஸுக்கும் அதே கதி. ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை வென்ற கிளப். ஒரே நாளில் 167 பேருக்கு வேலை போனது. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது, அதன் அகாடமியைக் குறை சொல்ல எவருக்கும் வாய் இருந்ததில்லை.

மூன்று வீட்டிலும் தொட்டிலில் ஆரோக்கியமான பிள்ளைகள். வீட்டுக் கூரைதான் விழுந்தது. வாஸ்ப்ஸ் 2015இல் கோவென்ட்ரிக்குக் குடிபெயர்ந்து, மைதானத்தை வைத்து 3.5 கோடி பவுண்டு கடன்பத்திரம் வெளியிட்டது. திருப்பித்தர வேண்டிய 2022 மே வந்தபோது கையில் காசில்லை. ப்ராப்பைப் பத்து வருடம் வளர்க்கலாம். கடன் தவணை அதுவரை காத்திருக்காது.

இதைச் சொன்னதும் “அப்படியானால் அகாடமியை மூடலாமா?” என்பீர்கள். இல்லை. உரிமையாளரின் பொறுப்பையும் பயிற்சியாளரின் பொறுப்பையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள் என்கிறேன். கணக்குப் புத்தகம் கிழிந்த கிளப்பை எந்தப் பயிற்சியாளரும் தைக்க முடியாது.

2024 ஏப்ரல் 3

திருத்தம். வாஸ்ப்ஸ் கோவென்ட்ரியில் ஆடத் தொடங்கியது 2014 டிசம்பரில். கடன்பத்திரம்தான் 2015. சுட்டிக்காட்டியவர் கோவென்ட்ரிக்காரர், கோபமாகவே சுட்டிக்காட்டினார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

2024 ஏப்ரல் 9

ஒரு சிறு சேர்க்கை. 20 வயதுக்காரர்களைக் கீழ்நிலை லீக்குக்குக் கடனாக அனுப்பினால் பழகுவார்களே என்று கேட்கப்பட்டது. பழகுவார்கள். சேற்றில், குளிரில், 33 வயது ஆசிரியர் ஒருவரின் தோளுக்கடியில் நசுங்கிப் பழகுவதைப் போல நல்ல பாடம் இல்லை. ஆனால் 2020இல் இங்கிலாந்து ரக்பி ஒன்றியம் அந்த இரண்டாம் நிலை லீக்கின் நிதியை வெட்டியது. 2022-23இல் அதை வென்ற ஜெர்சி ரெட்ஸ், வென்ற சில மாதங்களிலேயே, 2023 செப்டம்பரில், கதவடைத்தது. நாற்றங்காலுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு நெல் ஏன் சின்னதாக இருக்கிறது என்கிறார்கள்.

2024 ஏப்ரல் 21

பயிற்சியாளரை மாற்றுவது பற்றி.

ஃபால்கன்ஸில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது; ஸ்டீவ் டயமண்ட் வந்திருக்கிறார். முரட்டுப் பேர்வழி, எனக்குப் பிடிக்கும். பருவத்தின் நடுவில் ஆளை மாற்றினால் பலன் உண்டா என்றால், ஹார்லெக்வின்ஸை ஒளித்துவைக்க முடியாது. 2021 ஜனவரியில் அவர்களின் பயிற்சியாளர் பால் கஸ்டார்ட் போனார். புதிய தலைமைப் பயிற்சியாளரை உடனே கொண்டுவரவில்லை. இருந்தவர்களே சேர்ந்து நடத்தினார்கள். அரையிறுதியில் பிரிஸ்டலிடம் 28-0 என்று பின்தங்கியவர்கள் கூடுதல் நேரத்தில் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் எக்ஸிட்டரை 40-38 என்று வென்று பட்டம். நான் அந்த அரையிறுதியை 28-0இல் அணைத்துவிட்டுப் புல் வெட்டப் போனவன். என் ரக்பி அறிவின் அளவு இது.

அங்கே புதிதாக எவரையும் வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் போனதும் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்தால் ஆடக்கூடிய ஆட்கள் ஏற்கெனவே சட்டைக்குள் இருந்தார்கள். ஆள் இல்லாத கிளப்பில் மூச்சு மட்டும் வந்து பயனில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்த நாட்டுக் கிளப்புகளில் ரக்பி இயக்குநர் ஒருவர், தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், அகாடமி மேலாளர் ஒருவர் இருப்பார்கள். முதலாமவரின் கண் அடுத்த பருவத்தில், இரண்டாமவரின் கண் அடுத்த சனிக்கிழமையில், மூன்றாமவரின் கண் ஐந்து வருடம் தள்ளி. தோற்கும் கிளப்பில் சனிக்கிழமைக்காரர் சொல்வதுதான் எடுபடும். “இந்தப் பையனைச் சனிக்கிழமைக்குத் தராதே, இன்னும் ஆறு மாதம் வேண்டும்” என்று சொல்ல அகாடமிக்காரருக்கு அதிகாரம் இருக்கிறதா? நான் பார்த்த இடத்தில் இல்லை. மூவரும் ஒரே மேஜையில் மாதம் ஒருமுறையாவது உட்காரும் கிளப்பை விரல்விட்டு எண்ணலாம் என்று எழுத வந்தேன். எண்ணிப்பார்க்கவில்லை, ஆகவே அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

2024 மே 19

முடிந்தது. 18 ஆட்டம், 18 தோல்வி.

தரமிறக்கம்கூட இல்லை. இரண்டாம் நிலையை வென்ற ஈலிங்கின் மைதானத்தில் விதி கேட்கும் 10,001 பேருக்கு இடமில்லை, ஆகவே கடைசி இடத்து நியூகாஸிலோடு அது ஆட வேண்டிய தகுதி ஆட்டமே நடக்காது. ஒரு கிளப்பின் தலைவிதியை இன்னொரு கிளப்பின் இருக்கைகள் தீர்மானித்திருக்கின்றன. என் நண்பர் ஒருவர் இதை நல்ல செய்தி என்றார். தோற்றவனுக்குத் தண்டனையும் இல்லை, வென்றவனுக்குப் பரிசும் இல்லை என்றால் நான் எதைப் பார்க்க டிக்கெட் வாங்குகிறேன்?

ஃப்ளாங்கர் கை பெப்பர் பாத் அணிக்குப் போகிறார். ப்ராப் ஃபில் பிராண்டிங்ஹம் சராசென்ஸுக்கு. இரண்டு பேரும் இந்த அகாடமியின் பிள்ளைகள். அவர்கள்மேல் கோபமில்லை. 21, 22 வயதில் வெல்வது எப்படி இருக்கும் என்று ஒருவன் தெரிந்துகொள்ள ஆசைப்படக் கூடாதா?

2024 ஜூன் 9

நேற்று நார்தாம்ப்டன் சாம்பியன். பாத்தை 25-21. ஃப்ளை-ஹாஃப் யார்? வூஸ்டர் வளர்த்த ஃபின் ஸ்மித். என் கட்சிக்கும் கிடைத்தது: நார்தாம்ப்டனின் மற்றவர்களில் பலர் அவர்களே வளர்த்தவர்கள். மிச்செல், டிங்வால், ஃப்ரீமன். 2007இல் தரமிறங்கிய கிளப் இது, மறந்துவிடாதீர்கள்.

2024 ஜூன் 11

“மூன்றே வருடத்தில் எழ முடியாதா? உங்கள் கணக்கில் எல்லாம் பதினேழு வருடம்” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். லெஸ்டர். 2019-20இல் பன்னிரண்டு அணிகளில் பதினொன்றாவது; சம்பள வரம்பை மீறிய சராசென்ஸின் புள்ளிகளை வெட்டியிருக்காவிட்டால் கடைசி. ஸ்டீவ் போர்த்விக் வந்தார், 2022இல் கடைசி நிமிட டிராப் கோலில் பட்டம். ஸ்டூவர்ட், வான் போர்ட்விலியட், மார்ட்டின் போன்ற வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், வெளியிலிருந்து வந்த முதிர்ந்தவர்களும் இருந்தார்கள்.

2024 ஜூன் 11, பத்து நிமிடம் கழித்து

ஸ்டூவர்ட் அல்ல, ஸ்டூவர்ட். ஸ்டீவர்ட்! ஃப்ரெடி ஸ்டீவர்ட். கண்ணாடி போடாமல் எழுதுகிறேன்.

2025 ஜூன் 15

ஒரு வருடமாக யாரும் இங்கே எழுதவில்லை. ஃபால்கன்ஸ் மீண்டும் கடைசி இடம். நேற்று பாத் சாம்பியன், லெஸ்டரை 23-21. இழையைத் தொடங்கியவருக்கு நான் ஒரு கடன் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பாத் 2021-22இல் கடைசி. அந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் சராசென்ஸிடம் 71 புள்ளி வாங்கினார்கள். பிறகு யோஹான் வான் கிரான் வந்தார். 2023இல் ஃபின் ரஸ்ஸல் வந்தார். தென்னாப்பிரிக்க ப்ராப் தாமஸ் டு டாய்ட் வந்தார். பயிற்சியாளரை மாற்று, பெயர்பெற்றவரை வாங்கு. நீங்கள் 2024 மார்ச்சில் எழுதியதைத்தான் அவர்கள் செய்தார்கள். ஒரு வருடத்தில் அல்ல, மூன்று வருடத்தில், ஆழமான பையுள்ள உரிமையாளரை வைத்துக்கொண்டு. இருந்தாலும் செய்தார்கள். நீங்கள் சொன்னது பாதிக்கு மேல் சரி.

மீதிப் பாதியை என்னிடமே விட்டுவிடுங்கள். அந்தக் குழுவின் பெயர்களைப் படியுங்கள்: லாரன்ஸும் டெட் ஹில்லும் வூஸ்டர் பிள்ளைகள், பார்பியரி வாஸ்ப்ஸ், பெப்பர் நியூகாஸில். விழுந்த வீடுகளிலும் விழப்போகும் வீட்டிலும் வளர்ந்தவர்கள். நட்டவன் ஒருவன், பறித்தவன் வேறொருவன். பாத் அவர்களை முதிர்ந்தவர்களுக்கு நடுவில் உட்காரவைத்தது. அதைத்தான் பெற்ற வீடுகளால் செய்ய முடியவில்லை. என் மகனுக்கு முன்னால் விடுவிக்கப்பட்ட அந்தப் பெயர் தெரியாத 29 வயதுக்காரரை நான் இன்னும் விடவில்லை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். உச்ச நட்சத்திரத்தை விற்றால் ரசிகர் கத்துவார். அகாடமியை மூடினால் பத்திரிகை எழுதும். நடுத்தட்டு வீரரை அனுப்பினால் ஒருவரும் கேட்கமாட்டார். அதனால் கத்தி எப்போதும் முதலில் அங்கேதான் இறங்குகிறது.

2025 ஆகஸ்ட் 14

ரெட் புல் வாங்கிவிட்டது. ஃபால்கன்ஸ் இனி நியூகாஸில் ரெட் புல்ஸ். பெயரைப் பற்றி அழுகிறவர்கள் அழட்டும். 1995க்கு முன் இந்த கிளப் நியூகாஸில் காஸ்ஃபர்த், அதற்கும் முன் வெறும் காஸ்ஃபர்த். என் முதல் கழுத்துத்துணி அந்தக் காலத்தது, பச்சையும் வெள்ளையும், இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

பணம் வந்திருக்கிறது. இனி “காசில்லை” என்ற என் முதல் நாள் பதில் செல்லாது. பெரிய பெயர்கள் வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். நான் பார்க்கப்போவது வீரர்களின் பட்டியலில் டைட்-ஹெட் வரிசையை. பையன் ஒருவன், நட்சத்திரம் ஒருவர், நடுவில் யார்?

மகனிடம் இந்தச் செய்தியைச் சொன்னேன். அவனுக்கு இப்போது 26 வயது, மூன்றாம் நிலையில் ஆடுகிறான், வார நாட்களில் மின்பணியாளர். “ஸ்க்ரம் பயிற்சியாளர் யாராம்?” என்று மட்டும் கேட்டான். தேடிப்பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.